மீனுக்கு ஹார்மோன் தீவனம்: கேட்டதும் தெரிந்துகொண்டதும்



இந்த இதழின் பாடப் பகுதியை ஒரு தவறை ஒப்புக்கொண்டு தொடங்க வேண்டியிருக்கிறது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிய நாட்களில் ஒரு குரல் பதிவு நம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வந்தது. ஜிலேபி மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள், அதைச் சாப்பிட்டால் பெண் பிள்ளைகள் சிறு வயதிலேயே பெரியவளாகி விடுவார்கள், ஆண்களுக்குக் குழந்தை பிறக்காது, அது ஹராம் என்றெல்லாம் ஒருவர் அதில் பேசியிருந்தார். பேசியவர் யார், எந்த ஊர் என்பது யாருக்கும் தெரியாது. நம் அறக்கட்டளையின் குழுவிலும் அது வந்தது. சமூகத்துக்கு நன்மை என்று நினைத்து நாங்களும் அதை மற்றக் குழுக்களுக்கு அனுப்பி வைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து, தெருத்தெருவாக மீன் விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் சகோதரி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். "காக்கா, நான் விக்குற மீனுக்கு யாரு ஊசி போட்டா? குளத்துல பொறந்து குளத்துலயே வளந்த மீனு. இப்ப கொண்டு போற மீன்ல பாதி அப்படியே திரும்பி வருது. நம்ம டிரஸ்ட்டே சொல்லிட்டாங்களேன்னு கேக்குறாங்க" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரலாம் என்று ஸூரா அல்ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் எச்சரிக்கிறது. ஜும்ஆ பயானில் பலமுறை கேட்ட வசனம்தான். கைப்பேசி கையில் இருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். பிறகு இந்த விஷயத்தைப் படித்தோம், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டோம். அறிந்துகொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறோம்.

மூன்று வேறு விஷயங்கள்

மக்கள் பேச்சில் "ஹார்மோன் மீன்" என்ற ஒரே பெயரில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, ஊசி. மீனுக்கு ஹார்மோன் ஊசி போடுவது உண்மைதான். ஆனால் அது எந்த மீனுக்கு, எதற்காக என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை இனங்கள் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். குளத்தில் நன்றாக வளரும், ஆனால் தானாக முட்டையிடாது. அதனால் ஒரு காலத்தில் ஆறுகளில் வலை போட்டுக் குஞ்சுகளைச் சேகரித்துத்தான் குளங்களில் விட்டார்கள். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி, ஒடிசா மாநிலம் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அவருடைய சக விஞ்ஞானி கே. எச். அலிக்குஞ்ஞியும், மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றைத் தாய் மீனுக்கு ஊசி வழியாகச் செலுத்தி, குளத்து நீரிலேயே முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்று சுரப்பிச் சாற்றுக்குப் பதிலாகத் தயார் மருந்துகள் வந்துவிட்டன. ஊசி போடுவது குஞ்சு பொரிப்பகத்தில் இருக்கும் சினை மீனுக்கு மட்டுமே. அதன் குஞ்சுகளுக்கு ஊசியும் கிடையாது, அந்த மருந்தும் கிடையாது. லட்சக்கணக்கான குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது நடக்கக்கூடிய காரியமா என்று யோசித்திருந்தால், அந்தக் குரல் பதிவை நாங்கள் அனுப்பியிருக்க மாட்டோம்.

இரண்டாவது, வளர்ச்சி ஹார்மோன். மனிதன், ஆடு, மீன் என்று எல்லா உயிர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலும் இது இயல்பாகவே சுரக்கிறது. இது ஒரு புரதம். தீவனத்தில் கலந்து கொடுத்தால் மற்றப் புரதங்களைப் போலவே இதுவும் பெரும்பாலும் வயிற்றிலும் குடலிலும் செரித்துப் போகும். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகப் போட்டுக்கொள்வதும் இதே காரணத்தால்தான். இன்சுலினும் ஒரு புரதமே. மீன் தீவனத்தில் வளர்ச்சி ஹார்மோனைச் சேர்த்து ஆய்வுக்கூடங்களில் சோதனைகள் நடந்திருக்கின்றன. ஆனால் நம் ஊர் மீன் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும் பொருள் அல்ல அது.

அமெரிக்காவில் வேறு வழியில் முயன்றார்கள். வளர்ச்சி ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும்படி மரபணுவையே மாற்றிய ஒரு சால்மன் மீனுக்கு, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2015 நவம்பரில் அனுமதி கொடுத்தது. வழக்கமாக மூன்று ஆண்டுகளில் விற்பனைக்கு வரும் மீன், ஒன்றரை ஆண்டிலேயே அந்த எடைக்கு வளர்ந்தது. இருந்தும் அதை உருவாக்கிய நிறுவனம் 2024 இறுதியில் மீன் வளர்ப்பை நிறுத்திவிட்டது. இந்தியாவில் அப்படிப்பட்ட மீன் எதற்கும் அனுமதி இல்லை.

மூன்றாவதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஜிலேபி மீன் என்று நாம் சொல்லும் திலேப்பியாவின் குஞ்சுகளுக்கு, பொரித்த முதல் சில வாரங்கள் மட்டும் தீவனத்தில் ஓர் ஆண் ஹார்மோனைக் கலந்து கொடுக்கிறார்கள். மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்பது அதன் பெயர். இது புரதம் அல்ல, ஸ்டீராய்டு வகை. அதனால் வாய் வழியாகக் கொடுத்தாலும் உடலில் சேரும்.

ஜிலேபி மீன் வந்த கதை

திலேப்பியாவின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. மொசாம்பிக் திலேப்பியா என்ற இனம் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான மீன் கிடைக்கும் என்ற நல்லெண்ணத்தில் தமிழ்நாட்டுக் குளங்களிலும் அணைகளிலும் விட்டார்கள். அது இரண்டு மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்து, அடுத்தடுத்துக் குஞ்சு பொரித்தது. குளம் நிறையக் குஞ்சு, தின்ன இரை இல்லை, எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிட்டன. கூடவே இருந்த நாட்டு மீன்களுக்கும் இடைஞ்சல். 1959இலேயே இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்புவதற்குத் தடை விதித்தது. ஆனால் அதற்குள் மீன் பரவிவிட்டது.

சிற்றாற்றுப் பாசனக் குளங்களில் மீன்பாசி ஏலம் எடுத்துப் பிடிக்கும் சிறிய ஜிலேபி மீன்கள் பெரும்பாலும் அந்தப் பழைய இனத்தின் வழிவந்தவை. தானாகப் பிறந்து, குளத்துப் பாசியைத் தின்று வளர்ந்தவை. எந்த ஹார்மோனையும் அவை பார்த்ததே இல்லை. நம் சகோதரி கூடையில் கொண்டுவந்த மீனும் இதுதான். ஹார்மோனுக்குப் பயந்து நாம் ஒதுக்கியது, ஹார்மோனே படாத மீனை!

பண்ணைகளில் வளர்ப்பது வேறு இனம். "கிஃப்ட்" திலேப்பியா என்பார்கள். எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளிலிருந்து நைல் திலேப்பியாக்களைக் கொண்டுவந்து, 1988 முதல் பிலிப்பைன்ஸ் நாட்டில், நன்றாக வளரும் மீன்களைத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்து உருவாக்கினார்கள். நல்ல காளையையும் நல்ல பசுவையும் பார்த்துச் சேர்ப்பது போன்ற வேலைதான் இது. மரபணு மாற்றம் எதுவும் இதில் இல்லை. இந்தியாவில் கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் கீழ் இயங்கும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் விஜயவாடாவில் இதன் குஞ்சுகளை உற்பத்தி செய்கிறது. நம் மாநிலத்தில் கிருஷ்ணகிரியில் அரசுப் பொரிப்பகம் இருக்கிறது. இந்த மீனை வளர்க்க மீன்வளத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆண் மீன் அல்லது இனப்பெருக்கம் செய்யாத மீன் மட்டுமே வளர்க்க வேண்டும் என்பது விதி.

ஏன் ஆண் குஞ்சு மட்டும்?

திலேப்பியாத் தாய் தன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். அத்தனை நாளும் அது சரியாக இரை எடுக்காது. தாய்மைக்கு அல்லாஹ் வைத்திருக்கும் குணம் இது! இதனால் பெண் மீன் மெதுவாகத்தான் எடை போடும். ஆண் மீன் வேகமாக வளரும். குளத்தில் ஆண் மட்டும் இருந்தால் குஞ்சும் பெருகாது, தீவனமும் வீணாகாது, மீனும் ஒரே அளவாக வரும். தப்பித்து ஆற்றுக்குப் போனாலும் தங்களுக்குள் இனம் பெருக்க முடியாது.

எனவே முட்டையிலிருந்து வெளிவந்து நீந்தத் தொடங்கிய குஞ்சு, ஆணா பெண்ணா என்று உடல் முடிவாகும் முன்பே ஹார்மோன் கலந்த தீவனம் கொடுக்கிறார்கள். ஒரு கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் என்பது பரவலான அளவு. மூன்று அரிசி மணிகளின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆல்கஹாலில் கரைத்து, தீவனத் தூளில் கலந்து, உலர்த்தி, 21 முதல் 28 நாட்கள் கொடுக்கிறார்கள். உலரும்போது ஆல்கஹால் ஆவியாகிப் போய்விடும். அந்த நாட்கள் முடிந்ததும் வளர்ப்புக் குளத்தில் விட்டுச் சாதாரணத் தீவனம். அதன் பிறகு ஐந்து ஆறு மாதம் வளர்ந்துதான் விற்பனைக்கு வருகிறது.

நம் தட்டுக்கு எவ்வளவு வரும்?

வீட்டுப் பிள்ளைகளையே இந்தக் கணக்கைப் போடச் சொல்லலாம். குஞ்சு மிகச் சிறியது. அந்த நான்கு வாரத்தில் அது ஒரு கிராம் தீவனம் தின்றது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவில் 60 மில்லிகிராம் என்றால் ஒரு கிராமில் 0.06 மில்லிகிராம். அந்த மீன் தன் வாழ்நாளில் உட்கொண்ட மொத்த ஹார்மோனே இவ்வளவுதான். இதில் சிறிதும் வெளியேறவில்லை என்று வாதத்துக்காக வைத்துக்கொண்டாலும், அரைக் கிலோ மீன் முழுவதிலும் 0.06 மில்லிகிராம்தான் இருக்கும். இதே ஹார்மோன் மனிதர்களுக்கு மருந்தாகக் கொடுக்கப்படும் மாத்திரை ஒன்றில் 10 மில்லிகிராம் உண்டு. அந்த ஒரு மாத்திரைக்குச் சமமாக வேண்டுமானால் 160க்கும் மேற்பட்ட முழு மீன்களைச் சாப்பிட வேண்டும்.

உண்மை நிலை இதைவிடவும் பாதுகாப்பானது. ஹார்மோன் தீவனத்தை நிறுத்தியதும் மீனின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. மாதங்கள் கழித்து விற்பனைக்கு வரும்போது, மீனில் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன்தான் இருக்கும். கால்நடைகளை வளர்க்க ஹார்மோன் கொடுப்பதைத் தடை செய்திருக்கும் ஐரோப்பிய ஒன்றியமே, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில், மூன்று மாதத்துக்கு உட்பட்ட மீன் குஞ்சுகளை ஆணாக மாற்றும் இந்த ஒரு பயன்பாட்டுக்கு விலக்கு அளித்திருக்கிறது.

ஆகவே, முறைப்படி வளர்த்த பண்ணைத் திலேப்பியாவைச் சாப்பிட்டால் பெண் பிள்ளைகள் சீக்கிரம் பெரியவளாகி விடுவார்கள் என்பதற்கு அடிப்படை இல்லை. அப்படி ஒரு பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்பே மாற்றம் தெரிந்தால், மீனைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்படியென்றால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது வேறு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, கலக்கும் கை. உண்பவரைவிட, அந்தத் தூளைத் தீவனத்தில் கலக்கும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து அதிகம். கையுறை, முகக்கவசம் இல்லாமல் நாள்தோறும் கலந்தால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும். தொடர்ந்து சேர்ந்தால் கல்லீரலைக் கெடுக்கும். கர்ப்பிணிகள் அதன் பக்கமே போகக்கூடாது, வயிற்றில் இருக்கும் பெண் சிசுவைப் பாதிக்கும். கூலி வேலைக்குப் போகும் நம் பெண்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டு, அளவும் காலமும் மீறுவது. குஞ்சுப் பருவத்துக்கு மட்டுமான மருந்தை, எடை கூடும் என்ற ஆசையில் கடைசி வரை கொடுப்பது. இப்படிச் செய்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் பொய்த்துவிடும். பேராசைக்காரருக்கு அதில் லாபமும் நிச்சயம் இல்லை. இந்த ஹார்மோன் அளவு மீறினால் மீனின் உடலில் பெண் ஹார்மோனாக மாறி, எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விளைவைத் தருவதும் உண்டு.

மூன்று, தண்ணீர். குஞ்சுத் தொட்டியின் நீரையும் மிச்சத் தீவனத்தையும் அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்டால், ஹார்மோன் வண்டலில் வாரக்கணக்கில் தங்கி மற்ற உயிர்களைப் பாதிக்கும். ஒருவருடைய பண்ணைக் கழிவு, கீழே உள்ளவருடைய குளத்து நீர். குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு எத்தனை ஊர்களைத் தாண்டிப் போகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல.

நான்கு, ஹார்மோனே அல்லாத மற்றவை. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மீன் வளர்ப்பில் பயன்படுத்தக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுத்திருக்கின்றன. குளோராம்பெனிகால் அரிதாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே செயலிழக்கச் செய்யும். ஃபார்மலினை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூனில், கேரளாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ அளவில் ஆரியங்காவு சோதனைச்சாவடியில் பிடிபட்டது. செங்கோட்டையிலிருந்து மலையேறினால் வந்துவிடும் இடம் அது. ஃபார்மலின் ஆவியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. இல்லாத ஊசிக்குப் பயந்து குளத்து மீனை விட்டுவிட்டு, எங்கிருந்து எத்தனை நாளாக வருகிறது என்று தெரியாத ஐஸ் மீனை வாங்கிய வீடுகளும் நம்மிடையே உண்டு.

மார்க்கம் என்ன வழிகாட்டுகிறது?

நீரில் வாழும் மீன் அடிப்படையில் ஹலால். ஸூரா அல்மாயிதாவின் 96ஆம் வசனம் இதைத் தெளிவாக்குகிறது. மீன் ஹலால் என்பதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அடிப்படையில் ஹலாலான ஒன்றை ஹராம் என்று சொல்ல ஆதாரம் வேண்டும். அல்லாஹ் அனுமதித்ததை நம் வாயால் விலக்குவதும் பெரிய விஷயம்தான். குரல் பதிவை அனுப்பிய எங்கள் தவறில் இதுவும் சேர்ந்திருந்தது.

அதே நேரத்தில் குர்ஆன் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே சொல்கிறது. தய்யிப் என்றால் தூய்மையானது, நலம் தருவது. மீன் ஹலால் என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடுவதில்லை. எதைத் தின்று வளர்ந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஃபிக்ஹில் "ஜல்லாலா" என்று ஒரு பாடம் உண்டு. அசுத்தத்தையே பெரும்பாலும் தின்று வளர்ந்த பிராணி என்று பொருள். அதன் இறைச்சியையும் பாலையும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவிக்கிறார்கள். அத்தகைய பிராணியைக் கட்டிவைத்துச் சுத்தமான தீனி கொடுத்து, அசுத்தத்தின் அடையாளம் நீங்கிய பிறகு உண்ணலாம் என்பது ஃபுகஹாக்களின் விளக்கம். இப்னு உமர் அவர்கள் கோழியை மூன்று நாள் கட்டிவைத்ததாகவும் அறிவிப்பு உண்டு. இன்றைய மருத்துவ அறிவியல், கால்நடைக்கோ மீனுக்கோ மருந்து கொடுத்தால் இத்தனை நாள் கழித்துத்தான் விற்க வேண்டும் என்று ஒரு காலத்தை நிர்ணயிக்கிறது. இரண்டின் உள்நோக்கமும் ஒன்றுதான்: உடலில் சேர்ந்த வேண்டாதது நீங்கக் காலம் கொடு, பிறகு உண்.

இந்த அளவுகோலில் ஹார்மோன் குஞ்சாக இருந்து ஆறு மாதம் சுத்தமான தீவனத்தில் வளர்ந்த மீனைப் பற்றிக் கலங்கத் தேவையில்லை. நாம் உண்மையில் விசாரிக்க வேண்டியது வேறொரு மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஆனாலும் சில இடங்களில் மறைவாக, கோழிக் கழிவையும் அழுகிய இறைச்சியையும் போட்டு அதை வளர்க்கிறார்கள். ஜல்லாலா பாடம் நினைவுக்கு வர வேண்டிய இடம் இதுதான். குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு மார்க்கத் தீர்ப்பு வேண்டுவோர் தங்கள் பள்ளி இமாமையோ ஆலிம்களையோ அணுகிக் கேட்டுக்கொள்ளவும். நாங்கள் இங்கே தருவது பாடமே தவிர ஃபத்வா அல்ல.

வியாபாரிக்கும் பாடம் உண்டு. தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்ல என்று அவர்கள் எச்சரித்ததும் அப்போதுதான். மீன் எங்கிருந்து வந்தது, என்ன கொடுத்து வளர்த்தது என்று கேட்டால் மறைக்காமல் சொல்வதே ஹலாலான வியாபாரம்.

கடன் கேட்டு வந்த தம்பி

இந்தப் பாடம் எங்களுக்கு இன்னொரு வகையிலும் பயன்பட்டது. வெளிநாட்டு வேலை முடிந்து திரும்பிய இளைஞர் ஒருவர், மீன் குட்டை அமைக்க அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். தீவனம் விற்க வந்த ஒருவர், இதைக் கலந்தால் நான்கு மாதத்தில் ஒரு கிலோ மீன் என்று சொல்லி, பெயரோ தயாரிப்பாளரோ அச்சிடாத தூள் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம். தம்பி அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இத போடலாமா, வேண்டாமா காக்கா?" என்று கேட்டார். மறைக்காமல் கேட்டாரே, அதுவே பாதி நம்பிக்கை.

போடக்கூடாது என்று சொன்னோம். அதில் இருப்பது ஹார்மோனா, ஆன்டிபயாட்டிக்கா, வெறும் மாவா என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை மக்கள் உண்ணும் பொருளில் கலக்க நமக்கு உரிமை இல்லை. முறையான பண்ணையில் வளர்ப்பவருக்கு ஹார்மோனைத் தொட வேண்டிய தேவையே வராது. அந்த வேலை பொரிப்பகத்திலேயே முடிந்துவிடுகிறது. பொரிப்பகத்துக்கு வெளியே ஒருவர் ஹார்மோன் தூள் விற்க வந்தால், அதிலிருந்தே தவறு தெரிந்துவிடுகிறது.

நன்கு ஆலோசித்து, மீன் வளர்ப்புக் கடனுக்கு நிர்வாகக் குழு கீழ்க்கண்ட நிபந்தனைகளை ஏற்றிருக்கிறது:

1. குஞ்சுகளை அரசுப் பண்ணை அல்லது அங்கீகாரம் பெற்ற பொரிப்பகத்தில் வாங்கி, ரசீதைக் காட்ட வேண்டும்.
2. திலேப்பியா வளர்ப்பதானால் மீன்வளத் துறைப் பதிவு முதலில், கடன் பிறகு.
3. தீவன மூட்டையில் தயாரிப்பாளர் பெயர், உள்ளடக்கம், தேதி இருக்க வேண்டும். பெயரில்லாத பொட்டலம் எதுவும் குட்டைக்குள் போகக் கூடாது.
4. கோழிக் கழிவு, இறைச்சிக் கழிவு போடக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி கூடவே கூடாது.
5. நோய்க்கு மருந்து கொடுத்தால் குறிப்பேட்டில் எழுதி, உரிய நாள் கழிந்த பிறகே விற்க வேண்டும்.

அந்தத் தம்பி கடைசியில் திலேப்பியாவை விட்டுவிட்டு, கட்லாவும் ரோகுவும் மிர்காலும் சேர்த்து வளர்க்க முடிவு செய்தார். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை எடுப்பதால் ஒன்றுக்கொன்று போட்டி குறைவு. ஆண் குஞ்சு தேவையில்லை, ஹார்மோன் தீவனமும் தேவையில்லை. விற்பனைக்கு வரக் கூடுதல் காலம் ஆகும்தான். கடன் தவணையை அதற்கேற்ப நீட்டிக் கொடுத்தோம். பொறுமையாக வளர்ப்பவருக்குப் பொறுமையாகக் கடன் கொடுப்பதும் நம் கடமை அல்லவா?

வாங்கும்போது கவனிக்க

* மீன் எங்கே பிடித்தது, எப்போது வந்தது என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல.
* கண் தெளிவாகப் புடைத்திருக்கட்டும். செவுள் சிவப்பாகவும், சதை அமுக்கினால் மீண்டு எழுவதாகவும் இருக்கட்டும்.
* கண் மங்கியும் உடல் விறைத்தும் இருந்து, மீன் வாடையே வராமல், ஈயும் மொய்க்காமல் இருந்தால் எச்சரிக்கை. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினைக் கண்டறியும் சோதனைத் தாளை உருவாக்கியிருக்கிறது.
* சந்தேகம் உறுதியானால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.
* விலை மலிவான குளத்து மீனைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். வளரும் பிள்ளைக்கும் பாலூட்டும் தாய்க்கும் வேண்டிய நல்ல புரதம் அதில் இருக்கிறது.

வீட்டில் பேசிக்கொள்ள

இரவு உணவின்போது பிள்ளைகளோடு இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. இன்சுலினை ஏன் விழுங்க முடியாது? அதற்கும் மீனின் வளர்ச்சி ஹார்மோனுக்கும் என்ன தொடர்பு?
2. பெண் திலேப்பியா ஏன் மெதுவாக வளர்கிறது?
3. ஒரு மாத்திரைக்குச் சமமாக எத்தனை மீன் என்ற கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.
4. ஜல்லாலா பற்றிய சட்டத்தில் மருந்துக் காலத்துக்கான பாடம் என்ன?
5. கடந்த ஒரு மாதத்தில் விசாரிக்காமல் நாம் அனுப்பிய செய்தி எது? அதனால் யாருக்காவது இழப்பு நேர்ந்திருக்குமா?

ஐந்தாவது கேள்விக்கு எங்கள் பதிலை முதலிலேயே எழுதிவிட்டோம். அந்தக் குரல் பதிவு தவறானது என்ற திருத்தத்தை, முன்பு அனுப்பிய எல்லாக் குழுக்களுக்கும் அறக்கட்டளையின் பெயரிலேயே அனுப்பியிருக்கிறோம். வதந்தி போன வேகத்தில் திருத்தம் போகாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே இதைப் படிக்கும் ஒவ்வொரு வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அந்தச் சகோதரி கூடையோடு உங்கள் வாசலுக்கு வரும்போது அரைக் கிலோ வாங்குங்கள். பக்கத்து வீட்டாருக்கும் விவரத்தைச் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான, தூய்மையான ரிஸ்கைத் தந்து, நம் நாவையும் விரலையும் பிறருக்குத் தீங்கு செய்வதிலிருந்து காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.